கைசனா, க்யூஷியா: ஜப்பானில் பேண்டுகளைப் பற்றிப் பேசக் கற்ற கதை

2019 ஜனவரி கடைசி. திங்கட்கிழமை காலை. நான் ஜப்பானுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கவாசாகியில் ஒரு மென்பொருள் அலுவலகம். என் மேசைக்கு எதிரே ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மா உட்காருவார். குப்பையை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதிலிருந்து லீவு எழுதுவது வரை எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு அவர் கண் வீங்கியிருந்தது.

முந்தைய நாள் மாலைதான் அராஷி என்ற ஆண்கள் பாடல் குழு, 2020 டிசம்பர் 31 ஓடு தங்கள் வேலையை நிறுத்தி வைக்கப்போவதாக அறிவித்திருந்தது. 1999-இல் அறிமுகமான ஐந்து பேர். ஜப்பானில் அவர்களைத் தெரியாத வீடு இல்லை. அந்த அம்மாவின் மேசையில் இருந்ததும் அராஷி காலண்டர்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ரயிலிலேயே அகராதியைப் புரட்டி ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "கைசன், ஸன்னென் தெஸ் நே." குழு கலைகிறதாமே, வருத்தமாக இருக்கிறது என்று பொருள்.

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. ஆனால் குரல் மெதுவாக, உறுதியாக வந்தது. "கைசன் ஜா நைன் தெஸ். க்யூஷி தெஸ்." கைசன் இல்லை, க்யூஷி.

அப்புறம் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்து இரண்டையும் எழுதிக் காட்டினார். கைசன் என்பதில் முதல் எழுத்துக்கு அவிழ்ப்பது என்று பொருள், இரண்டாவதற்குச் சிதறுவது. கட்டை அவிழ்த்துவிட்டால் எல்லாம் நாலா பக்கமும் போய்விடும், திரும்பி வராது. க்யூஷி என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினார். இடது பக்கம் ஒரு ஆள், வலது பக்கம் ஒரு மரம். "ஆள் மரத்தில் சாய்ந்திருக்கிறார், பாருங்கள்" என்று பேனா முனையால் தொட்டுக் காட்டினார். ஓய்வு. இரண்டாவது எழுத்து, நிற்பது. முழுச் சொல் கட்சுடோ க்யூஷி: இயங்குவதை நிறுத்தி ஓய்வில் இருப்பது. சாய்ந்திருப்பவர் ஒருநாள் எழுந்து வரலாம். லட்சக்கணக்கான ரசிகர்கள் அன்றைக்குப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு எழுத்தைத்தான். நான் போய் அதைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

ஜப்பானிய மொழியில் இசைக்குழுக்களைப் பற்றிப் பேச நான் உண்மையாகவே கற்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பட்டியல் மனப்பாடம் செய்திருந்தேன். ஒங்ககு என்றால் இசை, உத்தா என்றால் பாட்டு, கஷு என்றால் பாடகர், கக்கி என்றால் இசைக்கருவி. எதுவும் தப்பில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேச முடியாது. மனிதர்கள் ஒரு குழுவைப் பற்றிப் பேசும்போது கருவிகளின் பெயர்களையா அடுக்குகிறார்கள்? யார் சேர்ந்தார், யார் போனார், ஏன் நின்றது, திரும்ப வருமா என்றுதான் பேசுகிறார்கள். அதனால் நான் பெயர்ச்சொல் பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரு குழு பிறந்து வளர்ந்து முடியும் வரைக்குமான வினைகளைக் கற்றுக்கொண்டேன்.

குழு பிறப்பது கெஸ்ஸே. எழுத்தைப் பார்த்தால் முடிச்சுப் போட்டு ஆக்குவது. கைசன் அவிழ்ப்பது, கெஸ்ஸே முடிச்சுப் போடுவது. இரண்டையும் ஜோடியாகப் படித்தால் மறக்காது. இது செய்தித்தாள் சொல். பேச்சில் "பண்டொ ஒ குமு" என்பார்கள். குமு என்றால் கோர்ப்பது. கையைக் கட்டிக்கொள்வதற்கும் காலைப் பின்னிப் போட்டு உட்காருவதற்கும் அதே வினைதான். நாலு பேர் கை கோர்த்தால் பேண்டு. புதிதாக ஒருவர் உள்ளே வருவது கன்யூ. ஒருவர் விலகுவது தத்தை, முதல் எழுத்தை மட்டும் பந்து என்பதில் வருகிற த-வின் ஒலியோடு சொல்ல வேண்டும். நம்மிடம் தத்தை என்றால் கிளி. கூட்டைவிட்டு ஒரு கிளி பறந்து போகிறது என்று ஒருமுறை நினைத்துக்கொண்டேன், அதன் பிறகு அந்தச் சொல் என்னை விட்டுப் பறக்கவே இல்லை.

கலைந்த குழு மறுபடி சேர்வது ஸை-கெஸ்ஸே, மறு முடிச்சு. எக்ஸ் ஜப்பான் 1997 டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி செய்து கைசன் ஆனது, 2007-இல் ஸை-கெஸ்ஸே ஆனது. இப்படி ஒரு நிஜக் குழுவின் கதையோடு சேர்த்துப் படிப்பதைத்தான் எல்லாருக்கும் சொல்வேன். உங்களுக்குப் பிடித்த ஒரு குழுவை எடுத்துக்கொண்டு அதன் வாழ்க்கையை ஜப்பானிய மொழியில் பத்து வரி எழுதிப் பாருங்கள். பத்து வினை தானாக ஒட்டிக்கொள்ளும்.

பெண்கள் ஐடல் குழுக்களில், அதாவது ஆடிப் பாடுகிற இளம் நட்சத்திரங்களின் குழுக்களில், மட்டும் தத்தை என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். சொட்சுகியோ என்பார்கள். பள்ளிப் படிப்பை முடித்துப் போகிறவர்களுக்குச் சொல்லும் அதே சொல். உறுப்பினர் படித்து முடித்து வெளியேறுகிறார், பள்ளிக்கூடம் அங்கேயே இருக்கிறது. மோர்னிங் முசுமே குழு 1997-இல் ஐந்து பேரோடு தொடங்கியது. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட இப்போது அதில் இல்லை, குழு ஓடிக்கொண்டே இருக்கிறது. தத்தை என்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்ற நெடி வரும், சொட்சுகியோ என்றால் பூங்கொத்தும் விழாவும் வரும். ஒரு ரசிகரிடம் இதை மாற்றிச் சொன்னால் அவர் மனம் நோகும் என்பதை நான் ஏற்கெனவே அறிந்தவன். அதனால் செய்தியில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன்.

கைசனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த வருடம் வசந்தத்தில் அலுவலகத்திலிருந்து ஹகோனே மலைக்குப் போயிருந்தோம். திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் குழுத்தலைவர் கையைத் தட்டி "ஜா, கைசன்!" என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவ்வளவு கனமான சொல்லை இவ்வளவு லேசாகச் சொல்கிறாரே! பிறகுதான் தெரிந்தது, பயணக்குழு பிரிவதும் கைசன்தான், நாடாளுமன்றத்தின் கீழவையைக் கலைப்பதும் கைசன்தான். யோசித்தால் நம் 'கலை'யும் அப்படியே. சட்டசபையைக் கலைக்கிறார்கள், கூட்டம் கலைகிறது, குழுவும் கலைகிறது. தமிழ்க்காரருக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். "கலைதல்" என்று ஒரே வார்த்தையில் குறித்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் ஆறு மாதம் நான் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் நோட்டில் எழுதினேன். இந்தக் கட்டுரையிலும் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்கிறேன். கார் என்பதிலும் கிட்டார் என்பதிலும் முதலில் நிற்பது ஒரே க வரிசைதான், ஆனால் ஒலி வேறு. நமக்குப் பழக்கத்தால் தெரியும். புதிய மொழிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அலுவலகத்தில் தோராயமான செலவு மதிப்பீட்டுக்கும் கைசன் என்று கேட்கிற மாதிரி ஒரு சொல் உண்டு, முதல் ஒலி கிட்டாரில் வருகிற க. என் நோட்டில் இரண்டும் ஒரே எழுத்தில் இருந்தன. ஒரு கூட்டத்தில் மேலாளர் "அந்தத் திட்டத்தின் கைசன் எப்போது வரும்?" என்று கேட்டபோது, திட்டத்தையே கலைக்கப்போகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அவர் கேட்டது மதிப்பீட்டை. இசைக்கருவிக்கான கக்கியும் அப்படித்தான். கிட்டாரின் க போட்டால் கருவி, காரின் க போட்டால் கலகலப்பு, உற்சாகம். அன்று இரவே ஜப்பானிய ஒலியெழுத்து வரிசைகளான ஹிராகானா, கட்டகானா இரண்டையும் சரியாக எழுதிப் பழக உட்கார்ந்தேன். மூன்று வாரம் பிடித்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஆனால் தமிழ் நமக்குக் கொடுக்கிற பலமும் பெரிது, அதைப் பலர் கவனிப்பதில்லை.

முதலாவது, குறில் நெடில். டொரம என்று எல்லாம் குறிலாகச் சொன்னால் டிவி நாடகம். கடைசியை நீட்டி டொரமா என்றால் டிரம் வாசிப்பவர். என்னோடு மொழி வகுப்பில் இருந்த மற்ற நாட்டுக்காரர்கள் இந்த வித்தியாசம் காதில் விழாமல் திணறினார்கள். அ-வும் ஆ-வும் வேறு, ஒ-வும் ஓ-வும் வேறு என்று ஒன்றாம் வகுப்பிலேயே சிலேட்டில் எழுதியவர்களுக்கு அது திணறலே இல்லை.

இரண்டாவது, சொல்லின் கடைசியில் ஒரு உகரம். குரூப் என்பதை நாம் பேச்சில் குரூப்பு என்போம், பஸ்ஸை பஸ்ஸு என்போம். ஜப்பானியர்களும் குரூப்பு, பஸு என்றுதான் சொல்கிறார்கள். நேரடிக் கச்சேரி ரைபு. குரலுக்கு நிற்பவர் போக்கரு. ஆங்கிலத்திலிருந்து போன இந்தச் சொற்களை ஆங்கிலக்காரர் வாயால் சொல்லிப் பார்க்காமல், நம் ஊர் டீக்கடையில் சொல்கிற மாதிரி சொல்லுங்கள், பாதி தூரம் வந்துவிடும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. "வத்தாஷி வா ஸுப்பிட்சு கா ஸுக்கி தெஸ்" என்று ஒரு வாக்கியம். ஸ்பிட்ஸ் என்பது 1987-இல் தொடங்கி அதே நாலு பேரோடு இன்றுவரை இருக்கிற ராக் பேண்டு. நான் ஸ்பிட்ஸை விரும்புகிறேன் என்று இதற்கு அர்த்தம் எழுதினால் அந்த 'கா' ஏன் வருகிறது என்று மண்டை காயும். எனக்கு ஸ்பிட்ஸ் பிடிக்கும் என்று வைத்துப் பாருங்கள். பிடிக்கிற பொருள்தான் எழுவாய். அதனால்தான் எழுவாய்க்குரிய 'கா' அதன் பின்னால் வந்து உட்காருகிறது. இலக்கணப் புத்தகம் இரண்டு பக்கம் விளக்கியதை நம் வீட்டு வாக்கியம் ஒரே வரியில் முடித்துவிட்டது.

எண்ணிக்கையும் இதே கதைதான். ஆட்களை எண்ண ஹித்தொரி, ஃபுத்தரி, சன்னின், யொனின், கொனின். சாதாரண எண்ணைப் போட்டால் தப்பு. ஏன் ஆளுக்குத் தனி எண் என்று வகுப்பில் ஒருவர் அலுத்துக்கொண்டார். நாம் ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர் என்று எண்ணுகிறவர்கள்தானே! தேவாரம் பாடியவர்களை மூன்று என்றா சொல்கிறோம், மூவர் என்றுதானே. இதன் பின்னால் குமி சேர்த்தால் சன்னின்-குமி, மூவர் குழு; கொனின்-குமி, ஐவர் குழு. ஒரு குழுவை அறிமுகம் செய்யும்போது ஜப்பானியர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பேண்டுகளையே எண்ணும்போதும் குமிதான், இன்றைக்கு நாலு பேண்டு வாசிக்கிறது என்றால் யொன்-குமி. தட்டையான எதுவும் மை என்ற சொல்லால் எண்ணப்படும், ஆகவே ஆல்பம் இச்சி-மை. பாட்டு என்றால் இக்கியொக்கு, நிகியொக்கு.

கருவி வாசிப்பதற்கு நாம் வாசி என்ற ஒன்றையே எங்கும் போட்டுவிடலாம். ஜப்பானிய மொழியில் அது நடக்காது. நரம்பும் கட்டையும் உள்ளவற்றுக்கு ஹிக்கு: கிட்டார், பியானோ, ஷமிசென். டிரம்முக்குத் தத்தக்கு, அடிப்பது. ஊதுவதற்கு ஃபுக்கு. மீட்டு, கொட்டு, ஊது என்று நம்மிடமும் இருக்கிறது, அதன் மேல் வைத்துப் படித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் யரு என்ற வினை கைகொடுக்கும். "பேஸு யத்தெமஸ்" என்றால் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பேண்டில் இருக்கிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெயர்ச் சுருக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வருடம் சாப்பாட்டு மேசையில் நான் தொலைந்து போனதற்குப் பெரிய காரணம் இதுதான். மிஸ்டர் சில்ட்ரன் என்ற பேண்டை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, மிசுச்சிரு. ட்ரீம்ஸ் கம் ட்ரூ என்றால் தொரிகமு. செக்கை நொ ஒவரி என்றால் செக்கஒவ. ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டிரண்டு அசை எடுப்பது வழக்கம். பெர்சனல் கம்ப்யூட்டர் பசொகொன் ஆனதும் இப்படித்தான். விதி தெரிந்தபின் புதிய சுருக்கத்தைக் கேட்டால் பின்னோக்கி அவிழ்த்துப் பார்க்கலாம்.

சரி, ரைபு ஹவுஸுக்கு வருகிறேன். டோக்கியோவின் ஷிமொகிட்டஸவாவில் படி இறங்கிப் போகிற சின்னச் சின்ன அரங்குகள் நிறைய உண்டு. 2019 கோடையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தைரியமாக ஒன்றுக்குள் தனியாகப் போனேன். அன்றைக்கு டைபன், அதாவது பல பேண்டுகள் ஒரே மேடையில். ஒரே பேண்டு முழு நேரமும் வாசித்தால் அது வன்மன். வாசலில் ஒரு சின்ன மேசை, அதன் பின்னால் ஒரு பெண். டிக்கெட் காசோடு குடிக்கிற பொருளுக்குத் தனியாக 600 யென் வாங்கினார். அது கட்டாயம், டொரிங்கு-டை என்று பெயர். வாங்கிவிட்டு "ஒமெஅத்தெ வா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் முன்னால் ஒரு தாள். நாலு பேண்டின் பெயர், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து. நாம் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணுவோமே, அதற்கு அவர்கள் ஐந்து கோடு உள்ள ஒரு எழுத்தைக் கோடு கோடாகக் கட்டுகிறார்கள். மூன்றாவது பேண்டுக்கு எழுத்து பாதியில் நின்றது. முதல் பேண்டுக்கு நேரே ஒரே ஒரு கோடு. அவர் பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தார். நான் "ஸென்பு" என்றேன், எல்லாம் என்று. அவர் தலையசைத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். எந்தக் கோடும் விழவில்லை.

மறுநாள் தேடிப் படித்தேன். மெ என்றால் கண், அத்தெ என்றால் குறி. கண் வைத்து வந்தது எதன் மேல், எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். சின்ன அரங்குகளில் எந்த பேண்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று இப்படி எண்ணி, அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்கிறார்கள். பல இடங்களில் இத்தனை டிக்கெட் விற்றே ஆக வேண்டும் என்று நொருமா உண்டு. விற்காததற்கு பேண்டே கைக்காசு போட வேண்டும். நான் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு கோடு விழுந்திருக்கும். அந்த முதல் பேண்டை நினைத்து எனக்கு இன்றும் மனசு உறுத்துகிறது. அதற்குப் பிறகு எந்த அரங்குக்குப் போனாலும் போகும் முன் நாலு பேண்டின் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு, ஒரு பெயரை வாயில் வைத்துக்கொண்டுதான் படி இறங்குகிறேன். ஜப்பானில் பேண்டு பார்க்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இந்தச் சொல்லைத்தான்.

உள்ளே பின்சுவரோரம் ஒரு மேசையில் டி-ஷர்ட்டும் சிடியும் விற்பார்கள், அது புப்பன். பேண்டுக்காரர்களே நின்று விற்பார்கள். பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது, வகுப்பு ஆசிரியரைவிடப் பொறுமையாகப் பேசுவார்கள். "இட்சு கெஸ்ஸே ஷிதா ந் தெஸ் கா?" எப்போது ஆரம்பித்தீர்கள் என்று ஒரு கேள்வி போதும். பெரும்பாலும் பதில் கேயோன் என்ற சொல்லில் தொடங்கும். பள்ளி, கல்லூரிகளில் ராக், பாப் வாசிக்கிற மாணவர் மன்றத்தின் சுருக்கப் பெயர் அது. ஊதுகிற வாத்தியங்களுக்கான மன்றம் வேறு, அது ஸுய்ஸோககு-பு. இரண்டையும் பேண்டு என்று ஒன்றாகப் பேசினால் இரு தரப்புக்குமே புரியாது.

அந்த முதல் இரவில் கடைசி பேண்டின் பாடகர் மைக்கைப் பிடித்து "ட்சுகி தெ, ஸைகொ நொ கியொக்கு தெஸ்" என்றார். அடுத்தது கடைசிப் பாட்டு. கூட்டம் முழுக்க "ஏஏஏ" என்று இழுத்தது. மனசுக்குள் மொழிபெயர்க்காமல் எனக்குப் புரிந்த முதல் ஜப்பானிய வாக்கியம் அதுதான். நானும் எல்லாரோடும் சேர்ந்து "ஏஏஏ" என்றேன்.

அந்த மூன்றாவது பேண்டைத்தான் பிறகு நான் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ஒமெஅத்தெ கேட்டால் இப்போதும் அவர்கள் பெயர்தான். குழுவில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்க ஒஷி என்ற சொல் உண்டு, முன்னிறுத்துவது என்ற வினையிலிருந்து வந்தது. "ஒஷி வா தரெ?" என்பார்கள். எனக்கு எல்லாரையும் பிடிக்கும் என்றால் ஹக்கொ-ஒஷி. ஹக்கொ என்றால் பெட்டி, முழுப் பெட்டியையும் சேர்த்து. அராஷி போன்ற ஆண் ஐடல் குழுக்களின் ரசிகர்களிடம் ஒஷிக்குப் பதில் தன்தோ என்ற சொல் வெகுகாலமாக இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு வேலைக்குப் பொறுப்பானவரைச் சொல்கிற அதே சொல். எதிர் மேசை அம்மாவிடம் யார் உங்கள் தன்தோ என்று நான் கேட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டுவிட்டு, மதிய இடைவேளை முழுவதும் பேசினார். நான் இடையிடையே கேள்வி மட்டும் கேட்டேன்.

பிறகு நான் வேறு நிறுவனத்துக்கு மாறினேன், ஆனால் அவரோடு தொடர்பு விடவில்லை. 2025 மே 6, விடுமுறை நாள், இரவு. அராஷி அறிவித்தது: 2026 வசந்தத்தில் ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணம், அதோடு குழுவின் செயல்பாடு முடிகிறது. செய்தியை ஜப்பானிய மொழியிலேயே வரிவரியாகப் படித்தேன். கட்சுடோ என்ற சொல் அப்படியே இருந்தது. க்யூஷி இருந்த இடத்தில் ஷூரியோ வந்திருந்தது. முடித்தல், நிறைவு செய்தல். கைசன் என்ற சொல்லைக் கவனமாகத் தேடினேன், அது இல்லை.

அந்த அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் ஒரே வரி அனுப்பினேன்: "ஷூரியோ, தெஸ் நே." பதில் உடனே வந்தது. "ஹாய். கைசன் ஜா நைன் தெஸ்." ஆமாம், கைசன் இல்லை. அதன் கீழே இன்னொரு வரி, டிக்கெட் குலுக்கலுக்கு விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று.